காற்றின் பேரில் பற்று

லிஸ்பனிலிருந்து தணிக்கைக்கு வந்தவருக்கு
என் பேரேட்டின் ஏழாம் பத்தி பிடிபடவில்லை.
ஒவ்வொரு பீப்பாய்க்கும் எதிரே, வருடா வருடம்,
நூற்றுக்கு இரண்டு.
வாங்கியவர் பெயர் இல்லை. கையொப்பம் இல்லை.
"யாருக்குக் கொடுத்தீர்கள், தோனா லியோகாடியா?"
காற்றுக்கு, என்றேன்.
அவர் பேனாவை மூடிவைத்தார்.

சரி, மேலே ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.
தோரு ஆற்றின் மலைச்சரிவில் மண் என்று எதுவுமில்லை.
பலகைக்கல்லை வெடிவைத்துப் பிளந்து
விரிசலுக்குள் கொடியை இறக்கினார்கள்.
ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்
என்பது அங்குள்ளவர்கள் வாய்ச்சொல்.
செப்டம்பரில் கருங்கல் தொட்டிக்குள்
தொடைவரை சாற்றில் நின்று
தோளோடு தோள் கோத்து மிதிப்பார்கள்.
இடது. வலது. இடது. வலது.
முதல் இரண்டு மணி நேரம் பாட்டுக்குத் தடை.
பிறகுதான் அக்கார்டியன் உள்ளே வரும்.
அந்த நேரத்துக்குப் பெயரே விடுதலை.

நொதிக்கிற சாறு தன் இனிப்பைத் தானே தின்னும்.
பாதி தின்றதும் தடுக்க வேண்டும்:
நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு
நிறமற்ற திராட்சைச் சாராயம்.
ஈஸ்ட் செத்துப்போகும்,
மிச்ச இனிப்பு பிழைத்துக்கொள்ளும்.
போர்ட் ஒயின் என்று உலகம் கொண்டாடுவது
இந்தக் குறுக்கீட்டைத்தான்.

பெங்கெல்லி-சர்மென்டோ நிறுவனத்தில்
அந்த நொடியைச் சொல்பவன் குஸ்தோதியோ.
கருவி எதுவும் தொடமாட்டான். நாக்குதான்.
1931இல் அவனுக்குச் சளி.
மூக்கடைத்த மனிதன் விடியும்வரை
"இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்றான்.
சாராயம் விழுந்தபோது
இனிப்பில் முக்கால்வாசி போய்விட்டது.
பங்குதாரர் பெங்கெல்லி ஒரு மிடறு வாயில் வைத்தார்,
துப்பினார்,
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: விற்பனைக்கு அல்ல.

படகில் ஏறி, பாறைச்சுழல்களில் முட்டி மோதி,
போர்த்தோவின் எதிர்க்கரைக்கு, இந்தக் கையாவுக்கு வந்து,
வடக்குச் சுவரோரம் ஒதுங்கியது
நூற்றுப் பதினான்காம் பீப்பாய்.
இடையில் ஒரு வெள்ளம்.
ஆறு கிடங்குக்குள் மார்பளவு நுழைந்து
எங்கள் மிகச்சிறந்த சரக்கைக் கடலுக்கு உருட்டிச் சென்றது.
ஒரு வாரம் மீனவர் குப்பத்தில் யாரும் வலை வீசவில்லை.
நூற்றுப் பதினான்கு மட்டும்
உத்தரத்தின் கீழ் சிக்கிக்கொண்டு
தண்ணீர் வடிந்ததும் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது,
விருந்து முடிந்தும் எழுந்து போகாத உறவினர்போல.

இதெல்லாம் கேட்டும் அவர் விடவில்லை.
"வாங்கியவரைக் காட்டுங்கள்."
ஏணி வைத்துக் கூரைக்குக் கூட்டிப்போனேன்.
ஓடுகள் முழுக்கக் கறுப்பு. சுவரின் சுண்ணாம்பும் கறுப்பு.
புகையா என்றார். இல்லை, பூஞ்சை.
மரத்தின் துளை வழியே கசியும் ஆவியைத் தின்று
இரண்டு நூற்றாண்டாக இங்கே குடியிருப்பது.
விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.
கைக்குட்டையில் துடைக்காமல் கீழே இறங்கினார்.

இறங்கியவர் நேரே நூற்றுப் பதினான்கிடம் போனார்.
உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார்:
ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு, அறுபது ஆண்டு,
ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும்.
பீப்பாயைக் கணுவால் தட்டிக்கொண்டே குனிந்தார்.
ஐந்தில் ஒன்றில் ஒலி மாறியது.
"உங்கள் காற்றுக்கு இந்த ஒன்றில் மட்டும்
தாகம் அதிகமா?"

பீப்பாய்க்காரர் எர்மீனியோ
சுத்தியலை ஏதோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.
இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள்.
அவருக்கு ஒரு சிறு கோப்பை, எனக்கு ஒன்று.
வாதுமைத்தோல், பழைய இரும்பு, ஆரஞ்சுத் தோலின் கசப்பு,
எல்லாம் முடிந்தபின்
அடிநாக்கில், தாமதமாக,
அந்தச் சளிக்குத் தப்பிய துளி இனிப்பு.
விற்பனைக்கு அல்ல என்றுதானே எழுதியிருந்தது?
நாங்கள் ஒருபோதும் விற்கவில்லை.

நான் மூன்றாவது கோப்பையை எடுத்துவந்தேன்.
அவர் குடித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு பேனாவைத் திறந்து
ஏழாம் பத்தியில், அறுபது வருடக் காலியிடத்தில்,
வாங்கியவர்: கூரை
என்று எழுதிக் கையொப்பமிட்டு,
சனிக்கிழமைகளில் கிடங்கு
எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டார்.